12 வோல்ட்டில் 3 எல்இடி: ரெசிஸ்டர் ஏன் இவ்வளவு சுடுகிறது?

கேள்வி:
12 வோல்ட் அடாப்டர். 3 வெள்ளை எல்இடி, ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 20 மில்லிஆம்பியர். மூன்றும் பேரலலில் (பக்கம் பக்கமாக), மூன்றுக்கும் சேர்த்து ஒரே 150 ஓம் கால்வாட் (0.25 வாட்) ரெசிஸ்டர், அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் மின்தடை. ரெசிஸ்டரில் கை வைக்க முடியவில்லை, ஒரு எல்இடி மட்டும் அதிகப் பிரகாசம். மதிப்பு தப்பா?

பதில் 1:
ஓம் கணக்கு சரி, வாட் கணக்கைத்தான் விட்டுவிட்டீர்கள். ரெசிஸ்டரில் விழுவது 12 − 3.2 = 8.8 வோல்ட். 8.8 × 8.8 ÷ 150 = 0.52 வாட். கால்வாட் தாங்காது, கருகும்.

பேரலலில் ஒரே ரெசிஸ்டர் போட்டால் கரண்ட் சமமாகப் பிரியாது. வோல்டேஜ் சற்றுக் குறைந்த எல்இடி அதிகம் இழுக்கும், சூடாகும், சூட்டில் அதன் வோல்டேஜ் இன்னும் இறங்கும், மேலும் இழுக்கும். அது போனால் மொத்தக் கரண்டும் மற்ற இரண்டின் தலையில்.

மூன்றையும் சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) மாட்டுங்கள்: 12 − 9.6 = 2.4 வோல்ட். 2.4 ÷ 0.02 = 120 ஓம். வெறும் 0.05 வாட், கால்வாட்டே தாராளம்.

பதில் 2:
அடாப்டர் ரெகுலேட்டட் (12 வோல்ட்டை மாறாமல் தருவது) என்றால் மட்டுமே அந்த 120 ஓம். அடாப்டருக்குப் பதில் 12 வோல்ட் பேட்டரியில் மாட்டி, அது சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வந்தால் 4.8 ÷ 120 = 40 மில்லிஆம்பியர், இரட்டிப்பு! அங்கே இரண்டிரண்டாக சீரிஸ், ஒவ்வொரு ஜோடிக்கும் தனி 470 ஓம்: 12 வோல்ட்டில் 12, 14.4-இல் 17 மில்லிஆம்பியர்.

கேள்வி கேட்டவர்:
ரெசிஸ்டர் பிளஸ் பக்கமா, மைனஸ் பக்கமா?

பதில் 1:
எந்தப் பக்கமும் சரி, சீரிஸில் கரண்ட் ஒன்றுதான். எல்இடியின் நீளக் கால் மட்டும் பிளஸ் பக்கம் பார்க்கட்டும்.