புதுப்பிப்பு: சத்தம் கூட்டினால் அணைந்துபோன ரிசீவர்

வீட்டு ஹோம் தியேட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் (ஓம் என்பது மின்தடை; குறையக் குறைய ஸ்பீக்கரை ஓட்டும் ரிசீவருக்குச் சுமை கூடும்). 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று பின்னால் அச்சடித்த ரிசீவர். சண்டைக் காட்சி வந்தாலே அணைந்துவிடுகிறது, எதை மாற்றுவது என்று கேட்டிருந்தேன். எதையும் மாற்றவில்லை.

மைக் வைத்து ஸ்பீக்கர்களை அளக்கும் ரிசீவரின் தானியங்கி அளவீடு, முன் ஸ்பீக்கர்கள் இரண்டையும் ‘லார்ஜ்’ (முழு பேஸையும் தாங்குபவை) என்று எழுதி வைத்திருந்தது. அடி பேஸ் முழுக்க அவற்றுக்கே போயிருக்கிறது. ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள பேஸ் பிரிந்து போக வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். அந்தச் சுமை சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ள, பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபருக்குப் போய்விட்டது. முழுப் படம் ஓடியும் அணையவில்லை. மேல்மூடி இன்னும் சுடத்தான் செய்கிறது. 4 ஓம் 4 ஓம்தானே, வால்யூமில் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

அப்புறம் சென்டர் ஸ்பீக்கர். அது வேறு கம்பெனி. பேசிக்கொண்டே ஒருவர் திரையைக் கடந்தால் நடுவில் மட்டும் அவர் குரலுக்குச் சளி பிடிக்கிறது. முன் ஸ்பீக்கர்களின் அதே மாடல் வரிசையில் ஒன்று தேடுகிறேன்.