500 கன்று நடப் பணம் வருது, தண்ணி ஊத்த ஆள் 5 பேர்: எப்படித் திட்டமிடலாம்?

குளக்கரை:
எங்க குழுவுக்கு ஒருத்தர் ஒரே தவணையா நன்கொடை தர்றார். 500 மரக்கன்று நடணும்னு அவருக்கு விருப்பம். இடம், ஒரு குளக்கரையும் பக்கத்துல புல் முளைச்ச வெற்று நிலமும். வாராவாரம் தவறாம வர்றது 5 பேர்தான். 500 சரியா வருமா?

வேர்முடிச்சு:
முதல்ல தண்ணிக் கணக்கு. கன்றுக்கு வாரம் 10 லிட்டர்னு வச்சா 5,000 லிட்டர். ஒரு நடைக்கு ரெண்டு 10 லிட்டர் குடம்னா 250 நடை, ஆளுக்கு 50. ரெண்டாவது வாரமே ஆள் கரைஞ்சிடும். 150 கன்றுன்னா ஆளுக்கு 15 நடை, தாங்கும். தினம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்த வேண்டாம். மேல்மண் மட்டும் நனைஞ்சா வேர் கீழே இறங்காது, முதல் கோடையிலேயே காயும்.

அந்த மண்ணுக்குரிய இனங்களா எடுங்க. வாங்கும்போது உயரத்துல மயங்காதீங்க. சின்னப் பையில ஆறடி வளர்ந்த கன்றுக்கு உள்ளே வேர் வட்டமா சுருண்டிருக்கும். ரெண்டு வருஷம் நல்லா நிக்கும், அப்புறம் ஒரு காத்துக்குச் சாயும். 45–60 செ.மீ. உயரமே போதும். ஒண்ணு ரெண்டு பையைக் கிழிச்சு வேரைப் பார்த்துட்டு வாங்குங்க. அடியில லேசா சுருண்டிருந்தா அந்த 2 செ.மீ.யை வெட்டிட்டு நடலாம். பையோடவே குழிக்குள்ள வைக்கிற கூத்தும் நடக்கும், விழா அவசரத்துல.

குழி 45 செ.மீ. நீள, அகல, ஆழம். களிமண்ணா இருந்தா குழிச்சுவரைக் கடப்பாரையால குத்தி விடுங்க; வழவழன்னு விட்டா தண்ணி தேங்கி வேர் அழுகும். பையில மண் இருந்த மட்டமே நிலத்துலயும் இருக்கணும், தண்டு புதையக் கூடாது. மூடாக்கு (ஈரம் காயாம மண்மேல பரப்புற காய்ஞ்ச இலை, வைக்கோல்) 8–10 செ.மீ. கனம், தண்டுல இருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் போட்டா தண்டு அழுகும்.

ஆள்காட்டி:
அந்த "வெற்று நிலம்" வெற்று நிலம்தானான்னு பாருங்க. ஆள்காட்டி, வானம்பாடி மாதிரிப் பறவைங்க திறந்த தரையிலதான் முட்டையிடும். மரம் வந்தா அதுக்கு இடமில்ல. மரத்துல உட்கார்ற காக்காய்க்கு முட்டையும் குஞ்சும் சுலபமாக் கிடைக்கும். ஒரு இனப்பெருக்கக் காலம் முழுக்கக் கவனிச்சுட்டு முடிவெடுங்க. என் கருத்துல அதை அப்படியே விடுறதுதான் நல்லது.

கரையிலயும் முழுக்க நட வேண்டாம். ஒரு பக்கம் கோரையும் ஆழமில்லாத ஓரமும் இருக்கட்டும். நீர்க்கரையில நடந்து இரை தேடுற பறவைக்கு முழங்கால் ஆழமே அதிகம். கொசுவுக்குன்னு கம்பூசியா மீன் விடச் சொல்லி யாராவது வருவாங்க. ஒத்துக்காதீங்க, அது தலைப்பிரட்டையையும் தின்னும்.

குளக்கரை:
சரி, 150. ஆனா நன்கொடையாளருக்குப் பலகையில போட ஒரு பெரிய எண்ணிக்கை வேணுமே?

தட்டான்:
24 மாசம் கழிச்சு உயிரோட இருக்கிற எண்ணிக்கையைப் போடலாம்னு சொல்லுங்க. பணத்தையும் மூணாப் பிரிச்சுத் தரச் சொல்லுங்க: நடவுக்கு, முதல் வருஷத்துக்கு, ரெண்டாம் வருஷத்துக்கு. பெரும்பாலும் நடவுக்கு மட்டும்தான் பணம் கிடைக்கும். வேலி, தண்ணி, பட்டதுக்குப் பதில் மறுநடவு, எல்லாம் அதுக்கப்புறம்தான் வரும்.

எல்லாக் கன்றுக்கும் எண் போட்ட அலுமினியத் தகடு மாட்டுங்க. தண்டுல கட்டாதீங்க, பருக்கும்போது கம்பி இறுக்கிடும். பக்கத்துல குச்சி நட்டு அதுல கட்டுங்க. 6, 12, 24 மாசத்துல எண்ணுங்க. செத்ததுக்குக் காரணமும் எழுதுங்க: மேய்ச்சல், வறட்சி, நீர்த்தேக்கம், கறையான். காரணம் தெரியாம அதே குழியில மறுபடி நட்டா மறுபடி சாகும்.

பறவைக்கு ஈபேர்ட் (பார்த்த பறவைகளைப் பதியுற செயலி). மாசம் ஒரு தடவை, ஒரே இடம், 15 நிமிஷம், அடையாளம் தெரிஞ்சதை எல்லாம் முழுப்பட்டியலாப் பதியுங்க. செடி, பூச்சிக்கு ஐநேச்சுரலிஸ்ட் (படம் போட்டுப் பதியுற செயலி). நீங்க நட்ட கன்றைப் பதிஞ்சா "வளர்க்கப்பட்டது"ன்னு குறிச்சிடுங்க, இல்லேன்னா தானா முளைச்சதாக் கணக்காகும். கூடு, முட்டைப் படத்துக்கு இடத்தை மறைச்சுப் போடுங்க.