கருப்பு நிற உடையே எடுக்கும் மகள்: பயப்பட வேண்டுமா?

நிலாமுற்றம்
பத்தாம் வகுப்பு படிக்கிற என் மகள் ஆறு மாதமாகக் கருப்பைத் தவிர வேறு நிறமே எடுப்பதில்லை. தீபாவளிக்கு அத்தனை சுடிதார் எடுத்துப் போட்டும் கருப்பில்தான் வந்து நின்றாள், நல்ல நாளும் அதுவுமாக இது என்ன என்று என் மாமியாருக்கு ஒரே வருத்தம். அதை விடுங்கள். போன வாரம் பள்ளியில் ஒரு மனநலக் கவுன்சிலர் எட்டு வண்ண அட்டைகளைக் கொடுத்து, பிடித்த வரிசையில் அடுக்கச் சொன்னாராம். இவள் கருப்பை முதலில் வைத்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டு, "எதையும் ஏற்காத மனம், உள்ளே அழுத்தம் இருக்கிறது, கவனியுங்கள்" என்றார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நிறத்தை வைத்து இப்படிச் சொல்லிவிட முடியுமா?

தெளிநீர்
அக்கா, நான் உளவியல் படித்து அதே வேலையில் இருப்பவன். முதலில் தூங்குங்கள். அந்த எட்டு அட்டைகள் மாக்ஸ் லூஷர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1940களில் கொண்டுவந்த சோதனை. 1984இல் அதை எம்.எம்.பி.ஐ. என்ற ஆளுமைக் கேள்வித்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. அப்படியும் கேட்பவருக்கு ஏன் சரியாகத் தோன்றுகிறது என்றால், "உள்ளே அழுத்தம் இருக்கிறது" என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் யாருக்குத்தான் பொருந்தாது? 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர், சோதிடப் புத்தகத்தில் இருந்து எடுத்த ஒரே பலனை 39 மாணவர்களுக்கும் "இது உன் ஆளுமை" என்று தனித்தனியாகக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு நான்கைத் தாண்டியது.

இன்னொன்று. 2010இல் மான்செஸ்டரில் ஒரு வண்ணச் சக்கரத்தைக் காட்டி, இன்றைய மனநிலை எந்த நிறம் என்று கேட்டபோது மனச்சோர்வு உள்ளவர்கள் சாம்பலை அதிகமாகக் காட்டினார்கள். பிடித்த நிறம் எது என்று கேட்டபோதோ, அவர்களிடமும் நலமாக இருந்தவர்களிடமும் நீலத்துக்குத்தான் செல்வாக்கு. மனநிலைக்கு ஒரு நிறம் சொல்வது வேறு, பிடித்த நிறம் வேறு.

முந்தானை
இருபது வருடமாகப் புடவைக் கடையில் இருக்கிறேன். ஒரே பெண் முகூர்த்தத்துக்கு அரக்கு எடுப்பாள், ஆபீசுக்குச் சாம்பல், பொங்கலுக்கு மஞ்சள். இதில் எதை வைத்து அவள் குணத்தைச் சொல்வது? கருப்புச் சட்டையில் வருபவர் ஐயப்பனுக்கு மாலை போட்டவராக இருக்கலாம், பெரியார் தொண்டராக இருக்கலாம், வண்டியில் அலைகிற வேலை, அழுக்குத் தெரியக்கூடாது என்று போட்டவராகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? ஏன் கருப்பு என்று உங்கள் மகளிடம் கேட்டீர்களா? மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

கரையோரம்
மூன்று வருடத்துக்கு முன் எனக்கு மனச்சோர்வு இருந்தது, மாத்திரையும் சாப்பிட்டேன். அந்த நாட்களின் போட்டோக்களை இப்போது எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் மஞ்சளும் சந்தனமுமாகச் சட்டை, மனைவி எடுத்து வைத்ததைப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். அதனாலேயே யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாறியது வேறு: விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், குளிக்கவே மலைப்பாக இருக்கும், அண்ணன் கூப்பிட்டால்கூட போனை எடுக்க மாட்டேன். அக்கா, பாப்பா சாப்பிடுகிறாளா, தோழிகளோடு பேசுகிறாளா, முன்பு ஆசையாகச் செய்ததை இப்போதும் செய்கிறாளா, இதைப் பாருங்கள். அதில் மாற்றம் தெரிந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். எனக்கு அப்போது உலகமே வெளுத்துப்போன மாதிரி இருந்தது, அது மட்டும் நிஜம்.

தெளிநீர்
கரையோரம், நீங்கள் சொன்ன வெளுப்பை ஜெர்மனியில் ஃபிரைபர்க் ஆய்வாளர்கள் 2010இல் விழித்திரையிலேயே அளந்து பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களின் விழித்திரை கருப்பு வெள்ளை வேறுபாட்டுக்குக் குறைவாகவே எதிர்வினை காட்டியது. அது பார்வையைப் பற்றியது, துணி தேர்ந்தெடுப்பதைப் பற்றியது இல்லை.

நிலாமுற்றம்
நேற்று ராத்திரி மொட்டை மாடியில் வைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள், அப்புறம் அழுதாள். ஜூலையில் ஒருநாள் வெள்ளை யூனிஃபார்மில் கறை பட்டிருக்கிறது, பின்னால் இருந்த பையன்கள் சிரித்திருக்கிறார்கள், அன்றிலிருந்து கருப்புத்தான், அதில் கறை தெரியாது என்று. ஆறு மாதமாக என்னிடம்கூட சொல்லாமல் இதைச் சுமந்திருக்கிறாள். அட்டையைப் பார்த்துப் பலன் சொன்னவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், தோழிகளோடு பேசுகிறாள், ஆனால் மாதத்தில் அந்த நாட்களில் வயிற்றுவலி என்று லீவு போட்டதெல்லாம் இதற்குத்தானாம். திங்கட்கிழமை வகுப்பு ஆசிரியையைப் பார்க்கப் போகிறேன். யூனிஃபார்ம் பேண்ட்டை மட்டுமாவது கருநீலமாக மாற்றும்படி கேட்க மற்ற அம்மாக்களும் வருகிறோம் என்கிறார்கள்.