கோடை வெயிலில் நின்ற ஐந்து மாடி சாண்டா

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் டிசம்பர் மாதம் கோடைக்காலம். பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை விடுவார்கள். கடற்கரையோரம் பொஹுடுகாவா மரங்கள் செக்கச் செவேலெனப் பூத்துக் கிடக்கும். கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில் இரவு எட்டரை மணி வரை வெயில் இருக்கும். ஃபிராங்க்ளின் சாலை வீடுகளின் விளக்கு அலங்காரத்தைக் காட்டுவதற்காகவே, தூக்கம் சொக்கும் குழந்தைகளை ஒன்பது மணிக்கு மேல் நடத்தி அழைத்துச் சென்றிருக்கிறோம். பட்டப்பகலிலும் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்த அலங்காரம் ஒன்று உண்டென்றால், அது குயின் தெருவும் விக்டோரியா தெருவும் சந்திக்கும் முனையில், விட்கோல்ஸ் புத்தகக் கடையின் முகப்பில் ஐந்து மாடி உயரத்துக்கு நின்ற சாண்டா என்னும் கிறிஸ்துமஸ் தாத்தாதான்.

1934இல் சாண்டா ஊர்வலத்தைத் தொடங்கிய ஃபார்மர்ஸ் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம், 1960இல் ஹாப்சன் தெருவிலிருந்த தன் கடைக்காகச் செய்த உருவம் அது. 1998இல்தான் குயின் தெருவுக்கு வந்தது. பல ஆண்டுகள் அதன் ஒரு கண் சிமிட்டிக்கொண்டும், ஆள்காட்டி விரல் மடங்கி நிமிர்ந்து போவோர் வருவோரை அழைத்துக்கொண்டும் இருந்தன. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, என்னுடன் பணியாற்றிய ஓர் அம்மையார், சிறுவயதில் அந்த விரலுக்குப் பயந்து தாயின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதையும், மறு ஆண்டு டிசம்பர் வந்ததும் அங்கே அழைத்துப் போகச் சொல்லி அவரே அடம்பிடித்ததையும் சொல்லியிருக்கிறார். பலரும் அச்சமூட்டுவதாகக் குறைகூறியதால், பின்னாளில் முகத்தைச் செப்பனிட்டு அந்த அசைவுகளை நிறுத்திவிட்டார்கள்.

நண்பகலில் அதன் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். மேலே வெண்மயிர்க் கரையிட்ட தடித்த சிவப்பு அங்கி. கீழே நடைபாதையில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக, உருகி வழியும் ஐஸ்கிரீமை நக்கியபடி குழந்தைகள். பனிநாட்டு உடை இந்த வெயிலுக்கு ஒவ்வாது என்று வாதிடுவோரை நான் அறிவேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த வழக்கம்தான் என்றாலும், பனியில் கிறிஸ்துமஸைக் கண்டே அறியாத தலைமுறைகள் இந்த உருவத்தைப் பார்த்தே வளர்ந்திருக்கின்றன. அவர்களுக்கு இதுவே மரபு.

2019ஆம் ஆண்டுடன் அந்த முனையில் அதை நிறுவும் வழக்கம் முடிவுக்கு வரும் என்று, செலவைக் காரணம் காட்டி அறிவித்தபோது உண்மையிலேயே வருந்தினேன். எப்பாடுபட்டேனும் அதே இடத்தில் அதைத் தொடரச் செய்திருக்க வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன்.