வேலை புதுச்சேரியில், வீடு கடலூரில்: 28 வயதில் தினமும் போய்வருவதா, தனியாக வீடு எடுப்பதா?

மஞ்சக்குப்பம்_மாடி:
சென்னை, பெங்களூர் என்று நாலைந்து வருடம் சுற்றிவிட்டு 27, 28 வயதில் புதுச்சேரியில் நிலையான வேலைக்கு வரும் கடலூர்ப் பிள்ளைகள் நிறைய. அப்பா அம்மா வீட்டிலிருந்து போய்வருவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா என்பதுதான் எல்லோருக்கும் வரும் கேள்வி. போய்வருவதே சரி என்பது என் கட்சி. போக வர 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக 1,250. லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டிக்கு 25 லிட்டர். நூறு ரூபாய் என்றே போட்டாலும் 2,500. புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டி நிரப்பினால் தமிழ்நாட்டு விலையைவிடக் குறைவு. அங்கே வாடகை 9,000 என்று வைத்தாலும் கரண்ட், தண்ணீர் கேன், சாப்பாடு எல்லாம் சேர்ந்து 16,000 தொடும். வித்தியாசம் 13,500. வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். கல்யாணம், வீட்டுக்கு முன்பணம் எல்லாம் வரப்போகிற வயதில் இதை ஏன் விட வேண்டும்?

நெல்லித்தோப்பு_நித்யா:
பெட்ரோலை மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை அண்ணே. வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி அது. 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் வருடத்துக்கு ஐந்து முறை. செயின் ஸ்ப்ராக்கெட்டும் பின் டயரும் இரண்டாம் வருடத்தில் கையைக் கடிக்கும். கடலூர் வீட்டுச் சாப்பாட்டை வேறு இலவசம் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பாதிக்கிற பிள்ளை வீட்டுக்குப் பணம் கொடுக்க மாட்டாரா?

இதைவிடப் பெரிய செலவு நேரம். வாசல் தாண்டி அலுவலக நாற்காலியில் உட்கார ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி. மாதம் 50 மணி நேரம், அதாவது ஆறு வேலை நாள். அது தூக்கத்திலிருந்தும் உடற்பயிற்சியிலிருந்தும்தான் போகிறது. முதுகுவலி எல்லாம் ஆரம்பிக்கிற வயது இது.

ஸ்பேனர்_12:
இரண்டு பேரும் வேலை எந்த இடம் என்று கேட்கவே இல்லையே. காட்டுக்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கத் தொழிற்சாலை என்றால் கடலூரிலிருந்து பாதித் தூரம்தான். அதற்கு நகரத்துக்குள் வீடு எடுப்பது வீண். நகரத்துக்கு வடமேற்கே கோரிமேடு, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு என்றால் நிலைமை தலைகீழ். முருங்கப்பாக்கம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று ஒவ்வொரு நெரிசலாகத் தாண்ட வேண்டும். கடைசி ஏழெட்டு கிலோமீட்டர்தான் நேரத்தைத் தின்னும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியூர்க் கார்களும் சேர்ந்துகொள்ளும்.

பைக்கில்தான் போவேன் என்பவர்களுக்கு: 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதாவது பத்து வேலை நாளுக்கு ஒருமுறை, செயினைக் கவனியுங்கள். டீசல் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் உள்பக்கமாக 90 கியர் ஆயில் விடுங்கள். இதை இரவில் செய்ய வேண்டும். காலையில் விட்டுவிட்டு உடனே கிளம்பினால் எண்ணெய் முழுக்க ரிம்மில் தெறித்துவிடும். கெட்டி கிரீஸ் பூசவே கூடாது. கடற்கரை மணல் அதில் ஒட்டிப் பல்லை அரத்தால் ராவினதுபோல் தின்னும். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் பேரிங் போகும்.

மஞ்சக்குப்பம்_மாடி:
பைக் வேண்டாம் என்றால் பஸ் இருக்கிறது. திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரசு, தனியார் இரண்டும் அடுத்தடுத்து ஓடுகின்றன. உட்கார்ந்து போகும் ஒரு மணி நேரத்தில் படிக்கலாம், தூங்கலாம். அது எப்படி நஷ்டமாகும்? இன்னொன்றும் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியைப் புதுச்சேரியில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். தினமும் திரும்பி வருகிறவருக்கு அந்த வேலை இல்லை.

நெல்லித்தோப்பு_நித்யா:
பஸ்ஸும் பைக்கும் மழைக்காலத்தில் ஒரே நிலைதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் மட்டும் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் சாலைப் போக்குவரத்தே நின்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தச் சாலையை நம்பி வேலையை வைத்துக்கொள்வது சரியில்லை.

மஞ்சக்குப்பம்_மாடி:
அதே மழையில் புதுச்சேரியின் ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் மிதந்தனவே! வாடகைக்கு இருப்பவரின் கட்டிலுக்கடியிலும் தண்ணீர் வரும்.

நெல்லித்தோப்பு_நித்யா:
வரும். அதனால்தான் பார்த்து எடுக்கச் சொல்கிறேன். வீட்டுக்காரரிடம் கேட்டால் "தண்ணி நிக்காது" என்றுதான் பதில் வரும். தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரில் வெள்ளக் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தரைத்தளம் வேண்டாம், மொட்டை மாடிக்கு நேர் கீழே மேற்குச் சுவர் உள்ள அறையும் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இரவு பதினொரு மணிவரை அந்தச் சுவர் சூடு கக்கும். முதல் மாடி, கிழக்கு அல்லது தெற்கு ஜன்னல் போதும்.

அடுத்தது தண்ணீர். கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் உப்பேறியிருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டரைக் கொண்டுபோய்க் குழாயில் பிடித்துப் பாருங்கள். குடிக்க ஏற்ற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். மீட்டர் இல்லையா, குளியலறைக் குழாய் மூக்கில் வெள்ளைப் படிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஹீட்டரின் காயில் படிவு ஏறிச் சீக்கிரம் கெட்டுவிடும்.

மின்சார மீட்டர் உங்களுக்குத் தனியா, இல்லை வீட்டுக்காரரின் சப்மீட்டரா? சப்மீட்டர் என்றால் யூனிட் என்ன விலை என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். புதுச்சேரியில் பில் மாதாமாதம் வரும். கடலூரில் போல இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

காஸ் விஷயத்தில் பலரும் மாதக்கணக்கில் ஹோட்டலை நம்பியே ஓட்டுகிறார்கள், தேவையே இல்லை. 5 கிலோ சிலிண்டருக்கு முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் 14.2 கிலோ இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள். மாவுக்கு இட்லி அரிசி நாலு, உளுந்து ஒன்று. இந்தக் கடலோரச் சூட்டில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், உடனே பிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் காலைச் சாப்பாடு ஆச்சு.

தவளக்குப்பம்_தென்றல்:
நடுவில் ஊரே இல்லையா? தவளக்குப்பம், அரியாங்குப்பம் பக்கம் வாடகை நகரத்தைவிடக் குறைவு, கடலூர் பஸ் எல்லாம் நின்று போகும், ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போவதும் சுலபம்.

ஸ்பேனர்_12:
அரியாங்குப்பத்தில் வீடு எடுத்துக் கோரிமேட்டில் வேலை செய்தால் நான் சொன்ன அதே நெரிசலில்தான் நிற்பீர்கள். தூரம் குறைகிறது, நேரம் அவ்வளவாகக் குறையாது. புதுப் பேருந்து நிலையத்திலிருந்து கோரிமேட்டுக்கு டெம்போ பிடிப்பது தனி. தெற்கே வேலை என்றால் மட்டும் உங்கள் யோசனை நல்ல யோசனை.

மஞ்சக்குப்பம்_மாடி:
கோரிமேடு, சேதராப்பட்டு ஆட்களுக்கு வாடகை வீடுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம். வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை கிடைக்கும் என்று நம்பியும் வீடு எடுக்காதீர்கள். புதிய வரித் திட்டத்தில் அந்தக் கழிவு கிடையாது. 2025-26 முதல் அதில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே வராது என்பதால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது பயன்படாது.

நெல்லித்தோப்பு_நித்யா:
வரிக்காக யாரும் எடுக்கச் சொல்லவில்லை அண்ணே, அந்த 50 மணி நேரத்துக்காக. ஒப்பந்தம் 11 மாதம்தான் போடுவார்கள், ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம் என்பதால். காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, பெயின்ட் என்று முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், இரண்டையும் கையெழுத்துக்கு முன் எழுத வையுங்கள். சாவி வாங்கும் நாளிலேயே சுவர், குழாய், கழிவறை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.