அட்லாண்டிக் கல்லூரி மாணவர் வாழ்க்கை: நினைவுக் குறிப்புகள் தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வேல்ஸ் கடற்கரையில், செயின்ட் டொனட்ஸ் என்னும் பழங்கோட்டையில் 1962-இல் தொடங்கப்பட்ட அட்லாண்டிக் கல்லூரியைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். பல நாட்டு இளைஞர்கள் ஒன்றாகத் தங்கிப் படித்தால் பகை தணியும் என்று ஜெர்மானியக் கல்வியாளர் கர்ட் ஹான் நம்பியதன் விளைவே இக்கல்லூரி. படிப்போடு கடல்மீட்புப் பணியும் செய்த மாணவர்கள், காற்றடைத்த ரப்பர் படகின் அடிப்பகுதி கரையில் இழுபட்டுத் தேய்வதைக் கண்டு, கல்லூரி முதல்வர் டெஸ்மண்ட் ஹோரின் வழிகாட்டுதலில் அதற்குக் கெட்டியான அடித்தளம் பொருத்தினார்கள். அந்த வடிவமைப்பே இன்று உலகெங்கும் உயிர்காக்கிறது. அதன் காப்புரிமையை ஹோர், கடலில் தவிப்போரை மீட்கும் பிரிட்டனின் தொண்டு அமைப்பான உயிர்மீட்புப் படகு நிறுவனத்துக்கு (RNLI) வெறும் 1 பவுண்டுக்குக் கொடுத்தார் என்று படித்தபோது நெகிழ்ந்துபோனேன். அக்காலத்தில் அங்கே படித்தவர்கள் உங்கள் உறவிலோ நட்பிலோ இருந்தால், விடுதி வாழ்க்கை, படகுப் பயிற்சி பற்றிய அவர்களுடைய நினைவுகளைக் கேட்டுத் தெரிவிக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன். பழைய புகைப்படங்கள் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.