லாஸ்ட் போஸ்ட்: பியூகிள் இல்லாமல் ட்ரம்பெட்டில் வாசிக்கலாமா?

கேள்வி (பித்தளைக்காது): போரில் இறந்த வீரர்களுக்கான நினைவேந்தல் ஒன்று, விடியற்காலை, திறந்தவெளி, நல்ல குளிர். லாஸ்ட் போஸ்ட் (இறந்தவர்களுக்கு விடைகொடுக்கும் ராணுவ ஊது அழைப்பு), 2 நிமிட மௌனம், பிறகு ரெவெய்லி (துயிலெழுப்பும் அழைப்பு) என்று நிரல். கையில் பி-ஃபிளாட் ட்ரம்பெட் மட்டும்தான். சரிப்படுமா? மௌனத்துக்குப் பின் முதல் சுரமே பிசிறுகிறது, என்ன செய்வது?

சுரத்தட்டு: தாராளமாக வாசிக்கலாம். பியூகிளில், அதாவது ராணுவத்தின் சிறிய ஊதுகொம்பில், வால்வே (சுரம் மாற்ற விரலால் அழுத்தும் பொத்தான்) கிடையாது. உதட்டால் பிடிப்பது ஐந்தே சுரம்: கீழ் ச, ப, மேல் ச, க, ப. பி-ஃபிளாட் ட்ரம்பெட்டில் எந்த வால்வையும் அழுத்தாமல் ஊதினால் அதே ஐந்தும் அதே சுருதியில் வரும். விரலை வால்வு மேல் வைக்கவே வேண்டாம். பதற்றத்தில் தானாக அழுத்திவிடும். பியூகிளின் குழல் கூம்பாக விரிவதால் நாதம் மெத்தென்று இருக்கும். ட்ரம்பெட் கொஞ்சம் கூர்மை, அதனால் அடக்கி ஊதுங்கள்.

குதிரைப்படை ட்ரம்பெட்டுக்கு வேறொரு லாஸ்ட் போஸ்ட் உண்டு. நோட்ஸ் எடுக்கும்போது காலாட்படை வடிவமா என்று பாருங்கள்.

அணிவகுப்பு: நிரலில் ஒரு சின்ன விஷயம். பிரிட்டிஷ் மரபில் மௌனத்துக்குப் பின் பெரும்பாலும் வருவது ரவுஸ் என்ற குறுகிய எழுப்பும் அழைப்பு. ரெவெய்லி வேறு அழைப்பு, இன்னும் நீளம். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள்தான் அதிகம். ஆஸ்திரேலியாவில் விடியல் நிகழ்ச்சிக்கு ரெவெய்லி, மற்ற நேரங்களில் ரவுஸ். உங்களுடையதும் விடியல் என்பதால், எது வேண்டும் என்று நடத்துபவரிடம் எழுத்தில் கேளுங்கள். கொடி இறக்குபவருக்கும் அதே தகவல் போகட்டும்: லாஸ்ட் போஸ்ட்டோடு இறங்கி, ரவுஸில் ஏற வேண்டும். அழைப்பின் நீளம் தெரியாமல் கயிற்றை இழுத்தால் கொடி பாதியில் நிற்கும்.

சுரத்தட்டு: பிசிறுவதற்குக் காரணம் குளிர்ந்த மவுத்பீஸும் உலர்ந்த உதடும்தான். 2 நிமிடம் அசையாமல் நின்றால் இரண்டும் நேரும். லாஸ்ட் போஸ்ட் முடிந்ததும் மவுத்பீஸை உள்ளங்கையால் மூடிப் பிடியுங்கள். கடைசி 10 விநாடியில் உதட்டை நனைத்து, சத்தம் வராமல் குழலுக்குள் சூடான மூச்சு விடுங்கள். நேரத்தை நீங்கள் எண்ண வேண்டாம், கடிகாரம் வேறொருவர் கையில் இருக்கட்டும். உயர்ந்த ப வரவில்லை என்று மவுத்பீஸை உதட்டில் அழுத்தாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று அடுத்த சுரமும் போகும். தொடங்குமுன் குழலில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீண்ட சுரத்தில் களகளக்கும்.

குளிரில் சுருதி இறங்கும், 10 டிகிரிக்கு ஏறக்குறைய அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. தனியாளுக்குக் கவலையில்லை. இருவர் என்றால் இரண்டு கருவியும் ஒரே நேரம் வெளியில் நின்றிருக்க வேண்டும்.

பழைய ஒலி: அமெரிக்க மரபில் இறந்த வீரர்களுக்கு ஊதும் அழைப்பான டேப்ஸ் (1862) வெறும் 24 சுரம், அதிலும் வெவ்வேறு சுரங்கள் நான்கே. தொடக்கம் ப ப ச, ப ச க. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் இறுதிச் சடங்கில் உடைந்தது இந்த ஆறாவது சுரமான க. நெடுநேரம் குளிரில் நின்றபின் ஊதியது அது. வேட்டு முழங்கும் நிகழ்ச்சி என்றால் துப்பாக்கி அணியிலிருந்து தள்ளி நில்லுங்கள், காது அடைத்தால் தன் சுரமே கேட்காது.

பித்தளைக்காது: ரவுஸ் என்று உறுதிசெய்தாயிற்று. கொடிக்காரரோடு ஒத்திகை நாளை, அதே விடியல் நேரத்தில்.